புதுப் பேட் போட்ட பிறகும் பிரேக் ஏன் கத்துது?



இந்தக் கிழமை எபிசோடில் பிரேக் சத்தத்தைப் பற்றி ஐந்து நிமிடம் கதைத்துவிட்டு, "மிச்சத்தைக் கடிதத்தில எழுதிறன்" என்று சொல்லியிருந்தேன். இதோ மிச்சம். கொஞ்சம் நீளம்தான். ஆனால் கை அழுக்காகிற வேலையைக் காதால் கேட்பதைவிட, ஃபோனைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு படியாக வாசித்துச் செய்வது சுகம்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன ஏப்ரல், பனியெல்லாம் கரைந்த பிறகு, ஸ்காபரோவில் எங்கட வீட்டு டிரைவ்வேயில் வைத்து அப்பாவின் காருக்கு முன் பிரேக் பேட் நான்கையும் நானே மாற்றினேன். வீடியோ பார்த்துத்தான். ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்தது. கராஜில் கொடுத்தால் போகிற காசில் பாதிகூட இல்லை. "பெடியன் தானே செய்திட்டான்" என்று அம்மா ஃபோனில் பெரியம்மாவுக்குச் சொன்னது எனக்கும் கேட்டது.

மூன்றாம் நாள் கீச் என்று ஒரு சத்தம் தொடங்கியது. இரண்டு கிழமையில் அது தெருமுனை வரைக்கும் கேட்கிற சத்தமாகிவிட்டது. கோயில் கார் பார்க்கில் மெதுவாகத் திரும்பினால் ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு வெட்கம். அது பரவாயில்லை. ஆனால் அம்மா விடிய நாலரைக்கு அந்தக் காரில்தான் வேலைக்குப் போகிறவ.

"பேட் புதுசுதானே, பிறகேன் கத்துது? பிரேக் பிடிக்குமா பிடிக்காதா?" என்று அப்பா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இண்டைக்குப் பிடிக்குது என்று தெரியும். நாளைக்கும் பிடிக்குமா என்று தெரியாது. அடுத்த நாள் தொடக்கம் அப்பா விடிய எழும்பி, தன்னுடைய வேலை வானில் அம்மாவைக் கொண்டுபோய் விடத் தொடங்கினார். என்னை ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் இந்தக் கடிதம்.

சத்தம் எங்கே இருந்து வருது?

சக்கரத்துக்குப் பின்னால் ஒரு வார்ப்பிரும்புத் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதுதான் ரோட்டர். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பெரிய கவ்விக்குப் பெயர் கலிப்பர். அந்தக் கவ்வியின் பற்கள்தான் பேட். நீங்கள் பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தில் ஒரு பிஸ்டன் பேட்டைத் தள்ளும். பேட் ரோட்டரில் உராயும். கார் நிற்கும்.

இப்ப, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கோ. டீச்சர் எழுதும்போது சோக் திடீரென்று கீச்சிடும், எல்லாரும் காதைப் பொத்துவோம். சோக் பலகையில் வழுக்கிக்கொண்டு போகவில்லை. ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு, ஒரு செக்கனுக்குள் எத்தனையோ தடவை துள்ளுகிறது. அந்தத் துள்ளல்தான் சத்தம். பேட்டும் ரோட்டரும் அதே வேலையைத்தான் செய்கின்றன. துள்ளுகிற பேட் மணி அடித்தது போல முழு ரோட்டரையும் அதிர வைக்கும். கீச் என்று கேட்கிற பிரேக் சத்தம் பெரும்பாலும் செக்கனுக்கு 1000 அதிர்வுக்கு மேலேதான் இருக்கும். எங்கட காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000க்கும் 5000க்கும் இடைப்பட்ட ஒலியை. அதனால்தான் அது அப்படி மண்டைக்குள் போகிறது.

ஆக, உராய்வு இருக்கும் வரைக்கும் அதிர்வும் இருக்கும். ஒவ்வொரு பிரேக்கும் கொஞ்சம் அதிரத்தான் செய்யும். அந்த அதிர்வு பெருகாமல் அடக்கி வைப்பதற்குத்தான் பேட்டைச் சுற்றிச் சின்னச் சின்னச் சாமான்கள் இருக்கின்றன: பேட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய ரப்பர், தகட்டு அடுக்கு (ஷிம்), பேட்டின் இரண்டு காதுகளும் உட்காரும் கிளிப், கலிப்பர் அங்கும் இங்கும் நகர உதவும் ஸ்லைட் பின், அதற்குப் பூசும் கிரீஸ். புதுப் பேட் போட்டும் கத்துகிறது என்றால், பல நேரம் பிழை பேட்டில் இல்லை. இந்தச் சின்னச் சாமான்களில்தான். நான் மாற்றியது பேட்டை மட்டும்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் காருக்கு டிஸ்க் பிரேக் காப்புரிமை எடுத்தார். அவர் பேட்டுக்குப் போட்டது செம்பு. செம்பும் இரும்பும் உராய்ந்து போட்ட கூச்சல் பெரிய தொல்லையாக இருந்தது. பிறகு ஹேர்பெர்ட் ஃப்ரூட் என்பவர் அஸ்பெஸ்டஸ் கலந்த உராய்வுப் பொருளைக் கொண்டுவந்துதான் சத்தத்தை அடக்கினார். அந்த அஸ்பெஸ்டஸ் நுரையீரலுக்கு நஞ்சு என்று பிறகு தெரிந்தது. கனடாவில் 2018 முடிவில்தான் அது பிரேக் பேட் உட்பட அநேகமாக எல்லாவற்றிலும் தடைசெய்யப்பட்டது. பழைய காரின் பிரேக் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக்கூடாது என்று சொல்வது இதனால்தான். புது பேட்டின் தூசியும் உள்ளே இழுக்கிற சாமான் இல்லை. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடையுங்கோ, மாஸ்க் போடுங்கோ.

எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேணும்?

எல்லாச் சத்தமும் ஒன்றில்லை. முதலில் கேட்கப் பழகுங்கோ.

1. காலையில் எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் உரசல். இரவு மழையிலோ ஈரத்திலோ ரோட்டரில் மெல்லிய துரு படிந்திருக்கும். பேட் அதைத் துடைத்ததும் சத்தம் போய்விடும். இதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கேட்பீர்கள். மோட்டரே வேகத்தைக் குறைப்பதால் பேட்டுக்கு வேலை குறைவு. துரு படிய நேரம் கூட.

2. மெதுவாகப் போகும்போது, பெடலை லேசாக மிதித்தால் மட்டும் கூர்மையான கீச். இதுதான் நான் மேலே சொன்ன அதிர்வு. பிரேக் பிடிக்கும். ஆனால் பூட்டின வேலையில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கலாம். கெதியில் பார்க்க வேணும்.

3. பெடலில் கால் வைக்காதபோதே வருகிற சத்தம். பல பேட்டில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேட் தேய்ந்து முடியப்போகும்போது ரோட்டரில் பட்டு, "மாத்து" என்று சொல்வதற்காகவே வைத்தது. புதுப் பேட்டில் இது கேட்டால், உள்ளே போட வேண்டிய பேட்டை வெளியே மாறிப் போட்டிருக்கலாம். இல்லாவிட்டால் ரோட்டருக்குப் பின்னால் இருக்கும் தூசித் தகடு வேலை செய்யும்போது வளைந்து உரசலாம். தகட்டைக் கையால் நிமிர்த்தினாலே சரி.

4. கரகர என்று இரும்பு அரைபடுகிற சத்தம். அல்லது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. அல்லது பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது. அல்லது ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது, கருகின மணம் வருகிறது. இதில் எது இருந்தாலும் ஓட்டாதேங்கோ. "வீடு மட்டும் போய்ப் பார்ப்பம்" என்று நினைக்க வேண்டாம்.

என்னுடையது இரண்டாவது வகை என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் ஸ்ப்ரேயும் மச்சானும்

அந்த நேரம்தான் என் மச்சான், துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே ஒன்றோடு வந்தான். "ரோட்டரில ஒரு அடி அடி. சத்தம் நிண்டிடும்."

அவன் சொன்னது சரி. சத்தம் நின்றுவிடும். பிரேக்கும் நின்றுவிடும். கார் நிற்பதே உராய்வால்தான். எண்ணெய் உராய்வைக் கொல்லும். பேட்டின் நுண்துளைகளுக்குள் ஊறின எண்ணெய் துடைத்தாலும் போகாது, சுட்டாலும் முழுக்கப் போகாது. பேட்டில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் அந்தப் பேட் குப்பைக்குத்தான். ரோட்டரிலும் பேட்டின் முகத்திலும் அடிக்கக்கூடிய ஒரே சாமான் பிரேக் கிளீனர். வேறு ஒன்றும் இல்லை. தயவுசெய்து ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொன்னால், நான் அந்தக் கானைக் கையில் வாங்கிவிட்டேன். சத்தம் நின்றால் அப்பாவின் கேள்வியும் நிற்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். வாசலில் நின்ற அப்பா, "பொறு. முதல்ல ஓடிப் பாப்பம்" என்றார்.

இரண்டு பேரும் பத்து நிமிடம் காரை ஓட்டிவிட்டு வந்தோம். இறங்கினதும் அப்பா ஒவ்வொரு சக்கரத்துக்கும் கிட்டப் போய், தொடாமல், புறங்கையைக் காட்டிப் பார்த்தார். இடப்பக்கம் இளஞ்சூடு. வலப்பக்கம் அடுப்பு மாதிரி.

"இது பிடிச்சுப்போட்டு விடுதில்லை" என்றார்.

அவர் யாழ்ப்பாணத்தில் கார் ஓட்டினது இல்லை. 1990களில் பெற்றோல் தடை இருந்த காலம், ஊரே சைக்கிளில் ஓடின காலம். சைக்கிள் பிரேக் கட்டை கத்தினால் கழற்றி, வழுவழுப்பான முகத்தைச் சீமெந்துத் தரையில் உரைஞ்சு, முன் விளிம்பைக் கொஞ்சம் சரித்துவிட்டுத் திரும்பப் பூட்டுவார்களாம். கட்டை விளிம்பில் உரசிக்கொண்டு நின்றால் மிதிக்கப் பாரமாக இருக்குமாம். இண்டைக்கு நல்ல பேட்டுகளின் இரண்டு விளிம்பும் சரிவாகச் சீவி வருகிறது. காரணம் அதேதான்: கூர் விளிம்பு கொத்தித் துள்ளாமல் இருக்க.

கழற்றிப் பார்த்தபோது

பெரும்பாலான கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். அது உள் பேட்டைத் தள்ளும்போது, கலிப்பர் முழுவதும் ஸ்லைட் பின்னில் வழுக்கி வந்து வெளிப் பேட்டை இழுத்துப் பிடிக்கும். பின் இறுகினால் ஒரு பேட்டே முழு வேலையும் செய்யும், பெடலை விட்ட பிறகும் விலகாது. இழுபடும், சூடேறும், தேயும்.

வலப்பக்கக் கீழ்ப் பின் காய்ந்து, துருவேறி, அசையவே இல்லை. ஏப்ரலில் நான் அதைக் கழற்றிப் பார்க்கவே இல்லை. வீடியோவிலும் கழற்றவில்லை, அந்தக் கார் உப்பு இல்லாத ஊர்க் கார் போல. எங்கட ரோட்டில் குளிர்காலம் முழுக்க உப்புக் கொட்டுகிறார்கள். பழைய கிளிப்பைக் கழற்றினால், அதற்குக் கீழே துரு பொருமிப்போய்க் கிளிப்பையே தூக்கிக்கொண்டு நின்றது. அதனால் பேட்டின் காது இறுகி உட்கார்ந்திருந்தது. உள் பேட்டின் முகம் சூட்டில் கண்ணாடி மாதிரி மினுங்கியது. வெளிப் பேட்டைவிட அது தெரியக்கூடிய அளவு தேய்ந்தும் இருந்தது.

இன்னும் சில மாதம் அப்படியே ஓடியிருந்தால் அந்தப் பேட் இரும்பு மட்டும் தேய்ந்திருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் வெளிப் பேட் புதுசாகத்தான் தெரியும். அந்தச் சத்தம் மட்டும்தான் எங்களுக்கு இருந்த அறிவிப்பு. ஸ்ப்ரே அடித்திருந்தால் அதையும் அணைத்திருப்பேன்.

திரும்பச் செய்தது, இந்த முறை ஒழுங்காக

இதைச் செய்கிற வரிசையில் எழுதுகிறேன்.

1. சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கோ. ஜாக்கில் தூக்கினால் மட்டும் காணாது, ஜாக் ஸ்டாண்ட் வைத்தே தீர வேணும். கலிப்பரைக் கழற்றினால் ரப்பர்க் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டுங்கோ.

2. பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது மெதுவாகத் தள்ளுங்கோ. மேலே பிரேக் எண்ணெய்த் தாங்கியில் மட்டம் ஏறும். வழிந்தால் காரின் பெயின்ற்றை அரித்துவிடும்.

3. இரண்டு ஸ்லைட் பின்னையும் கழற்றி, துடைத்து, ரப்பர் உறை கிழிந்திருக்கா என்று பாருங்கோ. கையால் தள்ள வழுக்கிப் போக வேணும். போகாவிட்டால் புதுசு வாங்குங்கோ, விலை பெரிதில்லை.

4. பிராக்கெட்டில் கிளிப் உட்காரும் இடத்தை வயர் பிரஷ்ஷால் இரும்பு தெரியும் வரைக்கும் தேயுங்கோ. புதுக் கிளிப் போடுங்கோ. பேட் அதில் விரலால் தள்ள நகர வேணும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கேயோ துரு மிச்சம் இருக்கு.

5. கிரீஸ்: பிரேக்குக்கென்று விற்கிற, சூடு தாங்கும் கிரீஸ் மட்டும். சாதாரண பெற்றோலியக் கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும், பின் திரும்பவும் இறுகும். பின்னுக்கும், பேட்டின் காதுக்கும், பேட்டின் முதுகில் பிஸ்டன் தொடும் இடத்துக்கும் மெல்லிசாகப் பூசுங்கோ. முகத்தில் ஒரு பொட்டும் படக்கூடாது. பேட் பெட்டியில் "இங்கே பூசாதே" என்று இருந்தால் அதைக் கேளுங்கோ.

6. ரோட்டரில் குறைந்தபட்சத் தடிப்பு எழுத்தில் பொறித்திருக்கும். அளந்து பாருங்கோ, அதைவிட மெலிந்திருந்தால் மாற்றத்தான் வேணும். விளிம்பில் உயர்ந்த வரம்பு இருந்தால் புதுப் பேட் அதில் ஏறிக் கத்தும். புது ரோட்டர் போட்டால், துருப்பிடிக்காமல் இருக்க அதில் எண்ணெய் பூசி வந்திருக்கும். அதைப் பிரேக் கிளீனரால் முழுக்கக் கழுவுங்கோ.

7. கலிப்பர் போல்ட்டையும் சக்கர நட்டையும் கார்ப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கோ.

8. காரை அசைக்க முதல் பெடலை மிதித்து மிதித்துக் கெட்டியாக்குங்கோ. பிஸ்டன் பின்னுக்குப் போயிருப்பதால் முதல் மிதி அடிவரைக்கும் போகும். இதை மறந்து டிரைவ்வேயில் இருந்து ரோட்டுக்கு இறங்கினால் கார் நிற்காது.

என்னுடைய மினுங்கின பேட்டை நான் திரும்பப் போடவில்லை. மேலோட்டமான மினுக்கம் என்றால் சிலர் சாண்ட்பேப்பரால் தேய்த்துப் போடுவார்கள். எனக்கு அது ஒரு பக்கம் தேய்ந்தே இருந்ததால் புது செட் ஒன்று வாங்கினேன். முதலில் மிச்சம் பிடித்த காசு அதோடு சரி.

பழக்குவது

பலர் விடுகிற கடைசிப் படி இது. புதுப் பேட்டை ரோட்டருக்குப் பழக்க வேணும். அளவாகச் சூடாகும்போது பேட்டில் இருந்து மெல்லிய படலம் ஒன்று ரோட்டரில் ஒரே சீராகப் படியும். அதற்குப் பிறகுதான் உராய்வு சீராக இருக்கும். படலம் திட்டுத் திட்டாகப் படிந்தால் அதிர்வும் சத்தமும் வரும்.

பேட் பெட்டியில் சொன்னதை முதலில் பாருங்கோ. ஒன்றும் இல்லாவிட்டால் பலர் கையாளும் ஒரு முறை: மணிக்கு 50 கிலோமீற்றரில் இருந்து மிதமாகப் பிரேக் பிடித்து நிறுத்துவது, 30 தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் 30 செக்கன் ஆற விட்டு. வாகனம் இல்லாத ரோட்டில், பின்னால் ஆள் இல்லாத நேரத்தில். சறுக்குகிற அளவுக்கு அமத்த வேண்டாம். முடிந்ததும் பெடலை அமத்திக்கொண்டு நிற்காமல் கொஞ்சத் தூரம் ஓட்டி ஆற விடுங்கோ. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை விடிய ஒரு தொழிற்சாலைத் தெருவில் செய்தோம். அப்பா எண்ணிக்கொண்டு வந்தார்.

கராஜில் கொடுக்கிறவர்களுக்கு

எல்லாரும் இதைச் செய்யத் தேவையில்லை. எண்ணெய் கசிந்தால், பெடல் மெத்தென்று இருந்தால், டாஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்தால் நேரே கராஜுக்குத்தான். ஆனால் நாலு கேள்வி கேட்கத் தெரிந்திருங்கோ: "பின் கழட்டிக் கிரீஸ் போட்டீங்களா? கிளிப் புதுசா? ரோட்டர் தடிப்பு எவ்வளவு? உள் பேட்டும் வெளிப் பேட்டும் ஒரே அளவு தேய்ஞ்சிருந்ததா?" புதுப் பேட்டின் உராயும் பகுதி ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமீற்றர் தடிப்பு. 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றுகிற நேரம். உங்கட அப்பா அம்மாவுக்கு ஆங்கிலத்தில் இதைக் கேட்கக் கூச்சம் என்றால், நீங்கள் கூடப் போங்கோ.

திங்கட்கிழமை விடிய நாலரைக்கு வானின் சத்தம் கேட்கவில்லை. கார்க் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது. நான் எழும்பி யன்னலுக்குப் போனேன். அம்மா பின்னுக்கு எடுத்து, தெருமுனை ஸ்டொப் அடையாளத்தில் நிற்பாட்டினா. சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. கீழே குசினியில் அப்பா தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று போட்டிருந்தார்.

உங்கட காரிலும் ஏதாவது கத்துதா? பக்கத்தில் யாரையாவது இருத்தி, ஃபோனில் சத்தத்தைப் பதிந்து அனுப்புங்கோ. எப்ப வருது, பெடல் மிதிக்கேக்கையா, விடேக்கையா என்று ஒரு வரி எழுதுங்கோ. அடுத்த எபிசோடில் போட்டுக் கேட்டுப் பார்ப்போம்.

அடுத்த கிழமை சந்திப்பம்.